திருப்பிச் சொல்லாத எண்

நான் பொய் சொன்னேன். இரண்டே சொற்களில் அமைந்த பொய். அதனால் என்னோடு படித்த ஒருவனின் பட்டம் பறிபோனது. அவன்மீது பிழையில்லை என்பதை, அவனையன்றி, இவ்வுலகில் அறிந்தவள் நான் ஒருத்திதான்.

இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா? எதிர்பார்க்காதீர்கள். மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அதைக் கேட்டுக் கையேந்தும் எண்ணம் எனக்கும் இல்லை. நடந்ததை நடந்தவாறே உங்கள்முன் வைக்கிறேன்.

என் பெயர் தேன்மொழி. ஊர் செஞ்சி. என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, வல்லத்துப் பக்கக் கொல்லைகளில் மல்லாட்டை வாங்கி எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புபவர். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில், கட்டடப் பொறியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் ஆள் நான். ஆள் என்றே எழுதுகிறேன். முதல் பெண் என்று எழுதினால், எனக்கு முன்னே ஆண்கள் யாரோ போயிருந்தார்கள் என்று நீங்கள் எண்ணிவிடுவீர்கள்.

வகுப்பில் அறுபது பேர். சென்னையின் ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், கோபிச்செட்டிப்பாளையத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள், யாழ்ப்பாணத்தான் ஒருவன், மலேசியத் தமிழர் இருவர், மணிப்பூர்க்காரன் ஒருவன், சூடான் நாட்டிலிருந்து அரசின் உதவித்தொகையில் வந்த இத்ரீஸ். பெண்கள் மூவர். பல்கலைக்கழகத்துக்குப் பெருமை தாளவில்லை! ஆண்டுக் கையேட்டுக்குப் படம் பிடிக்க வந்தபோது, எங்கள் மூவரையும் இத்ரீஸையும் மணிப்பூர்க்காரனையும் முன்வரிசைக்கு இழுத்து நிறுத்தினார்கள். படத்தின் கீழே, எல்லா நிலத்து மாணவரும் இங்கே ஒன்றாகக் கற்கிறார்கள் என்று அச்சிட்டார்கள்.

படத்தில் முன்வரிசை. ஆய்வுக்கூடத்தில்? கருவியைத் தொட ஆண்கள் முந்திக்கொள்வார்கள். எண்களை எழுத மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள். இத்ரீஸ் ஐயம் கேட்டால், காது கேளாதவனிடம் பேசுவதுபோல ஆசிரியர்கள் குரலை உயர்த்துவார்கள். விடுதியில் ஓராண்டு முழுவதும் அவனோடு அறையைப் பகிர ஒருவரும் முன்வரவில்லை. இவை கையேட்டில் அச்சாகவில்லை.

மூன்றாம் ஆண்டின் முடிவில் நில அளவை முகாம். பத்து நாள். ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அதில் தேறாதவருக்குப் பட்டம் இல்லை. அவ்வாண்டு முகாமுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம்... எங்கள் ஊர்க் கோட்டை!

வகுப்பு மகிழ்ந்தது. நான் அஞ்சினேன். சென்னையில் நான் யாரோடு நிற்கிறேன், எப்படிப் பேசுகிறேன் என்பதை என் வீட்டார் கண்டதில்லை. இனிக் காண்பார்கள். அம்மாவின் தம்பி, தம் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்த மாமா, முகாம் தொடங்குவதற்கு முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“இன்னா மச்சான், புள்ள அத்தினி ஆம்பளப் பசங்களோட கோட்டயச் சுத்தப் போவுது. ஊரே பாக்கும். எதுனா ஒரு பேச்சு வந்துச்சுன்னா, படிப்பு அத்தோட கட்டு. சொல்லிட்டேன்.”

நைனா மறுக்கவில்லை. “வந்தா பாத்துக்கலாம்,” என்றார். ஒரு பேச்சு வந்தால் என் படிப்பு முடிந்தது, மாமா வீட்டு மருமகள் ஆவேன் என்பது அந்த விடையில் உறுதியாயிற்று.

எங்கள் குழுவில் நால்வர். தலைவன் சுரேஷ், சென்னைக்காரன். மட்டம் பார்க்கும் கருவியில் கண் வைப்பவன் இத்ரீஸ். வகுப்பிலேயே கூர்மையான பார்வை அவனுடையது. எண்கள் பொறித்த நெடிய அளவுகோலைத் தூக்கிக்கொண்டு இடத்துக்கு இடம் ஓடுபவன் கோபிப் பக்கத்துப் பழனிச்சாமி. களக்குறிப்பேட்டில் எழுதுபவள் நான். பெண்கள் எல்லாக் குழுக்களிலும் எழுதத்தான் செய்தார்கள். வெயிலில் வாடிவிடுவோமாம்! பாறைகளுக்கு இடையே வளர்ந்தவளிடம் சொன்னார்கள்.

கோட்டை வாயிலருகே ஒரு தேநீர்க்கடை. கடைக்காரருக்கு இத்ரீஸை மிகவும் பிடித்துவிட்டது.

“இன்னா தம்பி, உங்க ஊர்ல இந்த மாதிரி கோட்ட இருக்குதா?”

“இருக்குது அண்ணே. ஆனா இவ்ளோ படி இல்ல. எங்க ராஜா சோம்பேறி.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் நல்லவன் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் முன்கோபி, விளையாட்டில் தோற்றால் இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டான். ஆனால் வேலையில் சிறிதும் ஏமாற்றமாட்டான். அதை நான் அறிந்திருந்தேன் என்பதே இங்கே செய்தி.

மட்டம் பார்ப்பதில் ஒரு வழக்கம் உண்டு. கருவியில் பார்ப்பவர், அளவுகோலில் தெரியும் எண்ணை உரக்கச் சொல்வார். எழுதுபவர் எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்து, அதே எண்ணை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்த்தவர் “சரி” என்ற பிறகே நகரலாம். முதல் வகுப்பிலேயே கற்பித்த ஒழுங்கு இது. சொன்னவருக்கும் எழுதியவருக்கும் இடையில் பிழை நுழையாமல் காப்பது அந்தத் திருப்பிச் சொல்லல் ஒன்றுதான்.

முகாமின் ஏழாம் நாள். வாயிலருகே உயரம் குறித்திருந்த ஒரு கல்லில் தொடங்கி, கல்யாண மகால் மாளிகையைக் கடந்து, நெற்களஞ்சியம் வரை சென்று, சுற்றிக்கொண்டு அதே கல்லுக்குத் திரும்ப வேண்டும். தொடங்கிய உயரமே முடிவிலும் வந்தால் வேலை சரி. வராவிட்டால் முழுதும் மறுபடி.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இத்ரீஸ் எண்ணைச் சொல்வான். நான் திருப்பிச் சொல்வேன். கல்யாண மகாலுக்கு அருகே வந்தபோது, மாமா நிழலில் நிற்பதைக் கண்டேன். உடன் கடைத்தெருக்காரர் நால்வர்.

“இன்னா தேனு, அவன் ஒண்ணு கூவுறான், நீ ஒண்ணு கூவுற? அவலூர்பேட்ட சந்தையில மாட்டுக்கு வெல சொல்றாப்ல இருக்குது.”

“மாடு இன்னா வெலைக்குப் போச்சுன்னு கேளுப்பா,” என்றார் உடனிருந்தவர்.

அவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்ரீஸ் கருவியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்: “ஒன் பாயின்ட் சிக்ஸ் ஃபோர் ஃபைவ்.”

எழுதினேன். வாய் திறக்கவில்லை. அவன் நிமிர்ந்து, “எழுதிட்டியா?” என்றான். தலையசைத்தேன். அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு அளவுகோலை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகக் கைகாட்டினான்.

என் கண் மாமாமீது இருந்தது. காது சரியாகத்தான் கேட்டது. கை, நான்கையும் ஆறையும் இடம் மாற்றி எழுதியது. ஒன்று புள்ளி நான்கு ஆறு ஐந்து. பதினெட்டுச் சென்டிமீட்டர் பிழை.

அன்று பிற்பகல் தொடக்கக் கல்லுக்குத் திரும்பினோம். அளவுகளை முடிக்குமுன் இத்ரீஸ் என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினான். அந்த ஓர் இடம் அவனை உறுத்தியிருக்க வேண்டும். நாற்பது எண்களுக்கு நடுவே அவனுக்கு எது நினைவிருக்கும்? திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மூவரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் மட்டும் நிழலில் அமர்ந்து கூட்டிக் கழித்தேன். உயரம் சேரவில்லை. பதினெட்டுச் சென்டிமீட்டர் குறைந்தது. மீண்டும் போட்டேன். மீண்டும் அதே பதினெட்டு.

எங்கே தவறியது என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை நம்புங்கள்; நம்பாவிட்டாலும் போகட்டும். தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நாளை மறுபடியும் மாமாவின் எதிரே, பாறை சூடேறிக் காற்று நடுங்கும் வெயிலில், முழுச் சுற்றும் வர வேண்டும். ஏன் என்று ஊர் கேட்கும். எழுதத் தெரியாதவளைப் படிக்க அனுப்பினார்கள் என்று சொல்லும்.

குறிப்பேட்டில் கடைசியாக எழுதிய தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் அதே எண்களை அழகாக எழுதினேன். கடைசி எண்ணை மட்டும் மாற்றினேன். இரண்டு புள்ளி மூன்று ஒன்று பூச்சியம், இரண்டு புள்ளி ஒன்று மூன்று பூச்சியம் ஆயிற்று. உயரம் இம்மியும் பிசகாமல் சேர்ந்தது.

எத்தனை எளிது! என் மூன்றாண்டுப் படிப்பில் அவ்வளவு விரைவாக நான் வேறெதையும் செய்ததில்லை.

மறுநாள், முகாமை நடத்திய பேராசிரியர் எங்கள் நால்வரையும் மண்டபத்துக்கு அழைத்தார். அவர் கெட்டிக்காரர். களஞ்சியத்தின் படியொன்றில் எங்களுக்குச் சொல்லாமல் ஓர் ஆணி அறைந்து, அதன் உயரத்தைத் தாமே அளந்து வைத்திருந்தார். எங்கள் கணக்கு அங்கே பதினெட்டுச் சென்டிமீட்டர் தவறியிருந்தது. முடிவிலோ சரியாகச் சேர்ந்திருந்தது.

“தப்பு வர்றது சகஜம். தப்பை மறைக்க இன்னொரு எண்ணை மாத்தியிருக்கீங்க. இது மோசடி. யார் செஞ்சது?”

களஞ்சியத்தை எட்டுமுன்பே கணக்கு தவறிவிட்டது என்று அவர் சொன்ன கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மாமா நின்ற இடம். நான் வாய் திறவாத இடம்.

சுரேஷ்தான் தொடங்கினான். “சார், ரீடிங் பார்த்தது இத்ரீஸ். கடைசி ரீடிங்குக்கு முன்னாடி புக்கை வாங்கிப் பார்த்தான். கணக்கு சேரலைன்னு தெரிஞ்சு, சேர்ற மாதிரி ஒரு நம்பரைச் சொல்லிட்டான்.”

இத்ரீஸின் முகம் இறுகியது. “சார், நான் பார்த்ததைத்தான் சொன்னேன். கல்யாண மகால் பக்கத்தில அவங்க திருப்பிச் சொல்லல. அவங்ககிட்ட கேளுங்க.”

அவன் உண்மையைச் சொன்னான். முழு உண்மை! எவரேனும் ஒருவர் அதை ஒரு நொடி எண்ணிப் பார்த்திருந்தால்...

“பொண்ணு மேல பழி போடுறான் சார்,” என்றான் சுரேஷ். “அவ புக்கைப் பாருங்க, முத்து முத்தா எழுதியிருக்கா.”

“ஏனுங்க சார், அந்தப் புள்ள பொய் சொல்லாதுங்க,” என்றான் பழனிச்சாமி. அவன் எப்போதும் எவரையும் புண்படுத்தாதவன். அன்று அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்காக.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். குரல் இளகியது. “நீ அவன் சொன்னதைத்தான் எழுதினியாம்மா?”

“ஆமா சார்.”

அந்த இரண்டு சொற்கள்தாம்.

கருவியைத் தொடவிடாத அதே பரிவுதான் அன்று என்னைக் காத்தது. பெண் மெல்லியவள், பெண் பொய் சொல்லமாட்டாள், பெண்ணின் கையெழுத்து தூயது... மூன்றாண்டுகளாக அந்தச் சொற்களால் என்னைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவை எனக்குப் பயன்பட்டன. பயன்படுத்திக்கொண்டேன். கறுத்தவன் ஒருவனை நம்புவதைவிட என்னை நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அந்த எளிமையையும் பயன்படுத்திக்கொண்டேன். இதை மறைக்கமாட்டேன்.

முகாமில் இத்ரீஸ் தேறவில்லை என்று முடிவாயிற்று. காரணம் என்ற இடத்தில், அளவுகளைப் பொய்யாகக் கூறியவர் என்று எழுதினார்கள். மறுநாள் காலையே அவனைச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

பேருந்து நிலையத்தில் அவன் நின்றிருந்தான். மற்ற குழுக்களுக்குக் காகிதம் வாங்க நான் அவ்வழியே வந்தேன். என்னைக் கண்டதும் நேரே வந்தான்.

“நீ ஏன் பொய் சொன்னே?”

“மெதுவாப் பேசு.”

“உனக்கு என்ன? ஃபெயில் ஆனா உன் வீட்டுக்குப் போவே. எனக்கு ஸ்காலர்ஷிப் நிறுத்துவாங்க. நான் எங்கே போவேன்?”

“என் வீடுதான் எனக்குப் பயம், இத்ரீஸ்.”

அவன் கோபம் தணிந்து, ஏதோ புரியாத கணக்கைப் பார்ப்பவன்போல நின்றான். “அப்போ அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நாம ரெண்டு பேரும் திரும்ப அளந்திருக்கலாம். ஒரு நாள் வேலை.”

ஒரு நாள் வேலை! அதற்குள் மாமா எங்கிருந்தோ வந்துவிட்டார்.

“இன்னாடா அங்க? பொட்டப் புள்ளகிட்ட இன்னா பேச்சு ஒனக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணே,” என்று சொல்லி, அவன் பேருந்தில் ஏறிக்கொண்டான்.

அன்றே கடைத்தெரு முழுதும் மாமா சொல்லிக்கொண்டு போனார். “எங்க புள்ள மேலயே பழியத் தூக்கிப் போட்டான். வாத்தியாரு நம்பலியே. புள்ளய வளத்தது யாரு?” அதற்குப்பின் அவர் என் படிப்பை எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. பொய் சொல்லாத பெண் என்று ஊரறிய உறுதியாகிவிட்டதே! அந்தப் பெயரின் துணையால்தான் நான் படித்து முடித்தேன்.

இத்ரீஸ் அடுத்த பருவத்துக்கு வரவில்லை. உதவித்தொகை நின்றுபோய், நாடு திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஆண்டுக் கையேட்டில் மட்டும் அவன் படம் மேலும் ஓராண்டு முன்வரிசையில் நின்றது.

நீங்கள் இப்போது கேட்பீர்கள்: ஒதுக்கப்பட்டவர் இருவர், ஒருவரையொருவர் தாங்கியிருக்கலாமே என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஒதுக்கப்பட்டு நின்றதுண்டா? எனக்கென்று நிற்க ஓரிடம் இருந்தது. அதைவிட்டு நகர மறுத்தேன். அதே இடத்தில் ஓர் ஆண்மகன் நின்று அதையே செய்திருந்தால், பிழைக்கத் தெரிந்தவன் என்று சிரித்துக்கொண்டே கடந்திருப்பீர்கள்.

சரி. இது பழைய கதையென்றால் இதோடு நிறுத்தியிருப்பேன். பழையதில்லை.

படிப்பு முடிந்து எட்டாண்டு ஆகிறது. இன்று நான் அரசுப் பணியில் உதவிப் பொறியாளர். ஏரிக்கரைகளின் மட்டம் பார்க்கிறேன். இப்போது கருவியில் கண் வைப்பவள் நான். செஞ்சியிலிருந்து மேலும் இரண்டு பெண்கள் கட்டடப் பொறியியல் படிக்கப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் என்னை வந்து பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

நான்கு திங்களுக்கு முன், பல்கலைக்கழகத் துறையிலிருந்து எனக்கு ஒரு பதிவு அஞ்சல் வந்தது. இத்ரீஸ் மனு அனுப்பியிருக்கிறானாம். தன் நாட்டில் வரைபடம் வரையும் வேலையில் இருக்கிறான். வேறொரு பல்கலைக்கழகத்தில் விட்ட படிப்பைத் தொடர விரும்புகிறான். பொய் அளவு கூறியவர் என்ற அந்த வரி, போகுமிடமெல்லாம் அவனுக்கு முன்னே போய் நிற்கிறது. அதை நீக்கக் கேட்கிறான். குழுவில் இருந்த மூவரும் தமக்குத் தெரிந்ததை எழுத்தில் தர வேண்டும் என்றது துறை.

பட்டத்தை அவன் கேட்கவில்லை. என்னைத் தண்டிக்கவும் கேட்கவில்லை. ஒரே ஒரு வரியை நீக்கக் கேட்டான்.

எழுதினேன். “கருவியைப் பார்த்தவர் கூறிய எண்களையே நான் குறிப்பேட்டில் எழுதினேன்.” கீழே முழுப்பெயர், பதவி, அலுவலக முத்திரை.

ஏன்? இன்று மாமா இல்லை. இறந்து ஈராண்டு ஆகிறது. படிப்பை நிறுத்த எவரும் இல்லை. அச்சம் என்று இனிச் சொல்ல இயலாது. அந்த இரண்டு பெண்களுக்காக என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். உண்மையை நான் எழுதியிருந்தாலும் அவர்கள் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள். எனக்கு என் பெயர் வேண்டும்... அவ்வளவுதான். அதைக் கட்ட நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்னொருவருக்காக அதிலிருந்து ஒரு செங்கல்லையும் உருவ மனம் வரவில்லை. முகாமில் சொன்னது அஞ்சியவளின் பொய். இது அஞ்சாதவளின் பொய். இரண்டில் எது கொடிது என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் இதை ஏன் எழுதுகிறேன்? துறைக்கு எழுதினால் அவன் வரி நீங்கும். உங்களுக்கு எழுதினால் ஒன்றும் நிகழாது. நிகழாது என்பதால்தான் உங்களிடம் எழுதுகிறேன். இதைவிட வெளிப்படையாக எனக்குச் சொல்லத் தெரியாது.

சென்ற வாரம் துறையின் விடை வந்தது. மூவரின் கூற்றும் ஒத்திருப்பதால் மனு ஏற்கப்படவில்லை. தங்கள் தெளிவான விடைக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். கடிதத்தின் அடியில் இன்னொரு குறிப்பு இருந்தது: மூவரின் கூற்றுகளும் படியெடுக்கப்பட்டு மனுதாரருக்கு அனுப்பப்பட்டன. அதன் கீழே அவன் முகவரி.

என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். மூன்றாண்டுகள் அவன் சொல்லச் சொல்ல எழுதிய கை. அலுவலக முத்திரையோடு அது இப்போது அவன் மேசையில் கிடக்கும். இருவராகத் திரும்ப அளந்திருக்கலாம் என்று கேட்டவன், நான் தந்த விடையை இந்நேரம் படித்து முடித்திருப்பான்.